மான் உரிக்கிற கத்திக்கு எந்த ஸ்டீல் நல்லது?

வேட்டைக் கத்தின்னு சொன்னதும் உங்க மனசுல என்ன வருது? ராம்போ படத்துல வர்ற மாதிரி பெருசா, முதுகுல ரம்பப் பல்லோட, பார்த்தாலே பயமா இருக்கிற ஒண்ணுதானே? அமெரிக்காவில் பென்சில்வேனியா பக்கம் வருஷா வருஷம் மான் வேட்டைக்குப் போற ஒருத்தர்கிட்ட அதை நீட்டினா சிரிச்சிடுவார். அவர் இடுப்புல இருக்கிறது பெரும்பாலும் 3½ இஞ்ச் பிளேடுதான். ஏன்னா, மானைக் கொல்றது துப்பாக்கி அல்லது வில்லோட வேலை. கத்திக்கு வேலை அதுக்கப்புறம்தான்.

(நம்ம நாட்டுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, வேட்டை இங்க குற்றம். அதனால இதை மெட்டலர்ஜி பாடமா மட்டும் எடுத்துக்கோங்க.)

முதல்ல வேலையைப் புரிஞ்சுக்கணும், அப்புறம்தான் கத்தி. விழுந்த மானோட உடம்புச் சூடு 38 டிகிரிக்கு மேல. அது சீக்கிரம் ஆறலைன்னா கறி கெட்டுப்போகும். மான் அசைபோடுற மிருகம். அது செத்த பிறகும் வயித்துக்குள்ள நொதித்தல் நிக்காது, வாயு சேர்ந்து வயிறு உப்பும். அதனால காட்டுலயே வயித்தைக் கிழிச்சு குடலை மொத்தமா வெளியே எடுத்துடுவாங்க. கிழிக்கும்போது கத்தி முனை இரைப்பையில ஒரு சின்ன ஓட்டை போட்டாப் போதும், உள்ளே இருக்கிறது கறி மேல கொட்டும். இதுக்காகவே இரண்டு விரலால தோலைத் தூக்கிப் பிடிச்சு, கூர் மேல் நோக்கி இருக்கிற மாதிரி வெட்டுவாங்க.

அடுத்த கட்டம் இன்னும் கஷ்டம். உதரவிதானத்தை அறுத்து, நெஞ்சுக்கூட்டுக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டு, மூச்சுக்குழாயைத் தடவிப் பார்த்தே அறுக்கணும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரே பொந்துக்குள்ள உங்க இடது கை விரலும் இருக்கு, வலது கைக் கத்தியும் இருக்கு, சுத்தி ரத்தமும் கொழுப்பும் வழுக்குது. அங்க 7 இஞ்ச் பிளேடு வேணுமா? பாப் லவ்லெஸ் என்ற அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் பிரபலமாக்கிய 'டிராப் பாயின்ட்' வடிவம் இதுக்குத்தான் பொருந்துது. முதுகு மெல்ல வளைந்து இறங்கி, முனை பிளேடின் நடுக்கோட்டுக்கு அருகே வந்துவிடும். முனை எங்கே இருக்குன்னு கைக்குத் தெரியும், தெரியாம குத்துற வாய்ப்பும் குறையும்.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம்: ஸ்டீல். மானை உரிக்கும்போது கத்தியை மழுங்க வைக்கிறது கறி இல்லை. முடியில ஒட்டியிருக்கிற மண்ணும் மணலும்தான். 60 ராக்வெல் சி கடினத்தன்மை உள்ள ஸ்டீல் ஏறக்குறைய 700 விக்கர்ஸ். மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் 1000-ஐத் தாண்டும். அதாவது மணல் ஸ்டீலைக் கீறும், ஸ்டீல் மணலைக் கீறாது. அனுபவசாலிகள் தோலை வெளியிலிருந்து வெட்டாம, உள்ளே கத்தியை நுழைச்சு வெளிப்பக்கமா வெட்டுறதோட ரகசியம் இதுதான்.

மணலைத் தாங்கணும்னா ஸ்டீலுக்குள்ள அதைவிடக் கடினமான துகள்கள் வேணும், அதாவது கார்பைடு. எஸ்30வி என்ற பவுடர் மெட்டலர்ஜி ஸ்டீலை எடுத்துக்கோங்க. 1.45% கார்பன், 14% குரோமியம், 4% வனேடியம். வனேடியம் கார்பைடோட கடினம் 2500 விக்கர்ஸுக்கும் மேல. மணல் தோத்துடும், கூர் ரொம்ப நேரம் நிக்கும். சூப்பர்தானே?

அங்கதான் சிக்கல். மணலுக்கு அசையாத கார்பைடு, சாதாரண சாணைக்கல்லுக்கும் அசையாது. அந்தக் கல் அலுமினியம் ஆக்சைடு, சுமார் 2000 விக்கர்ஸ். அதை வச்சு எஸ்30வி-யைத் தீட்ட உட்கார்ந்தா பொறுமை போயிடும், வைரத்தூள் பூசின தகடு வேணும். கார்பைடு கூடக்கூட டஃப்னஸும் குறையும். மூட்டு எலும்புல கூரை வச்சுத் திருகினா விளிம்புல சில்லு தெறிக்கலாம். சார்பி டெஸ்ட் லேப்ல உடைஞ்ச பீஸைக் கையில எடுத்துப் பார்த்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொரு பக்கம் 420எச்சி. கார்பன் சுமார் 0.45%தான், கார்பைடு கம்மி, காகிதத்துல பார்த்தா மொக்கை ஸ்டீல். ஆனா 1964-ல் வந்த பக் 110 மடக்குக் கத்தி இன்னைக்கும் இதே ஸ்டீல்ல விற்பனையாகுது. ஒழுங்கா ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணினா 58 ராக்வெல் வரைக்கும் வரும், துருவையும் நல்லா தாங்கும். பாதி உரிச்சதும் மழுங்குதா? சின்னக் கல்லுல ரெண்டு நிமிஷம் இழுத்தா கூர் திரும்பிடும். குளிர்ல, இருட்டுற நேரத்துல, ஈரக் கையோட உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த ரெண்டு நிமிஷம் பெரிய விஷயம்.

பக் 110-ல எனக்குப் பிடிக்காதது மடங்குற இடம்தான். கொழுப்பும் முடியும் உள்ளே போனா சுத்தம் பண்றது பெரிய வேலை. மாத்துற பிளேடு வர்ற கத்திகளும் இருக்கு, ஆபரேஷன் கத்தி மாதிரி. தோல் உரிக்க அதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா மூட்டுல பக்கவாட்டு விசை கொடுத்தா படக்குன்னு உடையும், உடைஞ்ச துண்டை ரத்தத்துக்குள்ள விரலால தேடணும். அது என் சாய்ஸ் இல்லை.

என்னைக் கேட்டா, ஸ்வீடன் மோரா மாதிரி மடங்காத கத்தி. சுமார் 10 செ.மீ. பிளேடு, 12சி27 ஸ்டீல், ரப்பர் மாதிரி பிடி. விலையும் கம்மி. இதுல கூரோட சரிவு அகலமா, தட்டையா இருக்கும், அதைக் கல்லுல படுக்க வச்சாலே ஆங்கிள் தானா அமைஞ்சுடும். முதல் தடவை தீட்டுறவங்களுக்கு இது வரம். பிடி ஆரஞ்சு கலர்ல கிடைச்சா இன்னும் நல்லது. மான் கொம்புப் பிடி போட்டோவுக்கு அழகுதான், ஆனா இலையுதிர்காலச் சருகுல கீழே வச்சா எங்கே வச்சோம்னு தெரியாது.

வேலை முடிஞ்சதும் கழுவித் துடைச்சு, தோல் உறையில போடாம வெளியே வைங்க. தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ரத்தத்துல உப்பு இருக்கு, குளோரைடு. 13% குரோமியம் இருந்தாலும் பிட்டிங் வரும்.