டீஸல் லாரி கிளம்ப மறுத்தால்?

நம் வீட்டுச் சமையலறைக்கு வரும் கத்தரிக்காயும் தக்காளியும் எவ்வழியாக வந்து சேருகின்றன என்று நாம் யோசிப்பதில்லை. ஒட்டன்சத்திரம் சந்தையில் ஏற்றப்பட்ட கூடைகள் மலையாள நாட்டுக்கும் பிற ஊர்களுக்கும் இரவோடு இரவாகப் பிரயாணமாகின்றன. அவற்றைச் சுமந்து செல்வது டீஸல் லாரி. அந்த லாரி கிளம்ப மறுத்துவிட்டால் தக்காளி வாடும். வாடகைப் பணம் போகும். லாரிக்காக வாங்கிய கடனின் தவணை மட்டும் வாடாமல் வந்து வாசலில் நிற்கும்.

இத்தகைய சமயத்தில் நடப்பதென்ன? "பம்பு போய்விட்டது" என்பார் ஒருவர். "நாசில் அடைத்துக்கொண்டது" என்பார் மற்றொருவர். சாட்சியை விசாரிக்காமலே தீர்ப்பு! அத்தீர்ப்பின்படி பம்பைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போனால் நாளும் வீண், பணமும் வீண். உண்மைக் குற்றவாளியோ பல சமயங்களில் தளர்ந்துபோன ஒரு திருகாணிதான். ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் கேள்விகளை ஒழுங்காகக் கேட்கவேண்டும். செலவில்லாத கேள்வியை முதலிலும், செலவு மிகுந்த கேள்வியைக் கடைசியிலும் கேட்கவேண்டும். நாம் இங்கே சொல்லப் புகுந்த விஷயம் இதுவே.

யந்திரத்தின் தத்துவத்தை முதலில் அறிவோம். ருடால்ப் டீஸல் என்னும் ஜெர்மானிய நிபுணர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய யந்திரம் இது. பெட்ரோல் யந்திரத்தில் மின்சாரப் பொறி தீ மூட்டுகிறது. டீஸல் யந்திரத்தில் பொறி என்பதே கிடையாது. பிஸ்டன் மேலேறி, உள்ளே இழுத்த காற்றை 16-ல் அல்லது 18-ல் ஒரு பங்காக நசுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்புறம் சுடுவதை நம் குழந்தைகளும் அறிவார்கள். அதே சூடு இங்கே 500 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டிவிடுகிறது. அந்த உஷ்ணத்தில் எண்ணெயைப் பனிப்புகை போலப் பீச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் இவ்வகை யந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயிலேயே ஓடியது என்றறிந்தால் நம் ஊர்ச் செக்குக்காரர்கள் மகிழக்கூடும்.

ஆகவே யந்திரம் உயிர்பெற மூன்று வேண்டும்: அது வேகமாகச் சுழலவேண்டும், காற்று நன்றாக நசுங்கவேண்டும், எண்ணெய் வேளை தவறாமல் வந்து சேரவேண்டும்.

முதற் கேள்வி, யந்திரம் சுழலுகிறதா என்பது. கனரக லாரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டை வரிசையாக இணைத்து 24 வோல்ட் பெறுவது வழக்கம். முன் விளக்கை ஏற்றிவிட்டு செல்பைப் போட்டுப் பாருங்கள். விளக்கு அணையும் நிலைக்கு மங்கினால் பேட்டரி வலுவிழந்திருக்கிறது, அல்லது அதன் டெர்மினலில் பூஞ்சைபோல் உப்புப் பூத்திருக்கிறது. சுத்தம் செய்து இறுக்கினாலே சில சமயம் காரியம் முடிந்துவிடும். விளக்கு மங்காமல், யந்திரமும் அசையாமல் இருந்தால் கோளாறு செல்ப் மோட்டாரிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது. மந்தமாகச் சுழலுவதும் போதாது. காற்றில் சூடு ஏறுமுன் அது ஆறிவிடும். செல்பை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் அழுத்தாமல், இடையே இரண்டு நிமிஷம் ஓய்வு கொடுப்பது நல்லது.

நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையா? அப்பொழுது புகைக்குழாயைப் பாருங்கள். வெண்புகை வந்தால், எண்ணெய் வருகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். மலைப் பிரதேசத்துக் குளிராக இருக்கலாம். தேய்ந்த யந்திரத்தில் காற்று நசுங்காமல் கசியலாம். புகையே இல்லாவிட்டால், எண்ணெய் வந்து சேரவில்லை.

எண்ணெய் வராததற்குக் காரணம் என்ன? டாங்கியின் முள் பொய் சொல்லக்கூடும். சுத்தமான குச்சியை விட்டுப் பார்த்துவிடலாம். பழைய லாரிகளில் எஞ்சினை நிறுத்துவதற்கென இழுக்கும் கம்பி முழுவதும் உள்ளே திரும்பியிருக்கிறதா? தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளுவதுபோல், அதை இழுத்தபடியே விட்டுவிட்டு செல்பைப் போடுவோர் உண்டு. பிறகு டீஸல் பில்டர். அதன் அடியில் தங்கிய தண்ணீரை வடித்துவிடவேண்டும்.

இவையெல்லாம் சரியானால் சந்தேகத்துக்குரியது காற்று. காற்றில்லாமல் ஓடாத இந்த யந்திரம், எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்தால் மூச்சு முட்டி நின்றுவிடும். எண்ணெயை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். பம்பு தள்ளும் தள்ளெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகி, நாசில் திறப்பதற்கு வேண்டிய அழுத்தம் உண்டாகாமல் போகிறது. டாங்கிக்கும் பம்புக்கும் இடையே எண்ணெய் உறிஞ்சப்படுகிறபடியால், அங்கே இணைப்புத் தளர்ந்தால் எண்ணெய் வெளியே சொட்டாமலும் காற்று உள்ளே புகும். கண்ணுக்குத் தெரியாத கசிவு என்பதால்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

பரிகாரம் எளிது. பில்டரின் தலையிலுள்ள காற்றுத் திருகாணியைச் சற்றுத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்கவேண்டும். நுரைத்து வரும் எண்ணெய் நுரையின்றித் தெளிவாக வரும்போதே திருகாணியை இறுக்கிவிடவேண்டும். பழைய பாணிப் பம்பிலும் அவ்வாறே செய்யலாம். ஆயினும் காற்று புகுந்த இணைப்பைக் கண்டுபிடித்துச் சீர்செய்யாவிட்டால் மறுநாளும் இதே கதைதான்.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். நாசிலுக்குச் செல்லும் குழாயிலிருந்து பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். ஊசி குத்தியதுபோலத்தான் தோன்றும், ஆனால் தாமதமின்றி அறுவை சிகிச்சை வேண்டிய காயம் அது. 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கேற்ற புதிய லாரிகளில் அழுத்தம் வாயுமண்டலத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேலும் போகிறது; அக்குழாய்களை லாரிக்காரர் தளர்த்தவே கூடாது. பேட்டரி, டாங்கி, பில்டர், கைப்பம்பு இவற்றைப் பார்த்தபின், மின்னணுக் கருவியுடன் வரும் நிபுணரிடம் ஒப்படைப்பதே முறை. மற்றொன்று: காற்று செல்லும் வாயில் பெட்ரோலை ஊற்றிப் பற்றவைக்க முயலுவது யந்திரத்துக்கும் ஆளுக்கும் ஆபத்து.

பெங்களூரில் 1951-ல் தோன்றிய தொழிற்சாலை டீஸல் பம்புகளையும் நாசில்களையும் நம் தேசத்திலேயே செய்யத் தலைப்பட்டது. 1954-ல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா லாரிகள் உருவாயின. யந்திரம் செய்யும் ஆற்றல் வந்துவிட்டது. யந்திரத்தை அறியும் ஆற்றலும் எங்கும் பரவவேண்டும். காற்றை நசுக்கினால் சூடேறும் என்று நம் பிள்ளைகள் பரீக்ஷையில் எழுதி மார்க்கு வாங்குகிறார்கள்; லாரியின் மூடியைத் திறக்கத் தெரியாது. நாமக்கல், சங்ககிரிப் பட்டறைகளில் பழகும் பையன்கள் செல்பின் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லுகிறார்கள். காரணத்தை அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை. இவ்விரு கல்வியும் ஒன்றுகூடினால் நஷ்டப்படும் குடும்பங்கள் குறையும்.

லாரி வைத்திருக்கும் அன்பர்கள் உறவிலோ அண்டையிலோ இருந்தால், இந்த வரிசையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஓட்டுநர் ஆசனத்தருகே ஒட்டி வைக்கட்டும்: பேட்டரி, புகை, டாங்கி, நிறுத்தும் கம்பி, பில்டர், காற்று. அப்புறந்தான் பம்பு.