திறப்பு யார் கையில்?

சென்ற போகத்தின்போது ஒரு மாலைப்பொழுதில் விவசாயிகள் சங்கக் கூட்டம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். சொந்தக் காணியை விட்டு இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் அங்கே குத்தகைக் காணிகளில் மிளகாய் செய்கின்றன. கூட்டம் தொடங்குமுன் இளைஞர் ஒருவர் தமது கைத்தொலைபேசியை எம்மிடம் காட்டினார். "பாதர், இனி விவசாயப் போதனாசிரியரைத் தேடித் திரியத் தேவையில்லை. எல்லாம் இதுக்குள்ளை இருக்கு" என்றார். மிளகாய் இலை சுருள்கிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று அவர் தமிழிலேயே கேட்டிருந்தார். சில வினாடிகளில், நல்ல தமிழில், மருந்தின் பெயரும் அளவும் வந்திருந்தன.

பக்கத்தில் இருந்த ஆச்சி ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "உது சொல்லுறது இருக்கட்டும் ராசா. நீ இலையைப் பாத்தனியோ? மேலை சுருண்டிருக்கோ, கீழை சுருண்டிருக்கோ?" என்று கேட்டார். இளைஞரிடம் பதில் இல்லை.

எல்லோருமாகத் தோட்டத்திற்குப் போனோம். இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தன. மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் அது பெரும்பாலும் பனிப்பூச்சியின் வேலை. கீழ்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் சிற்றுண்ணியின் வேலை. கைத்தொலைபேசி சொன்னதோ பனிப்பூச்சிக்கான மருந்து. அது மட்டுமல்ல, அளவை அது ஹெக்டேயர்க் கணக்கில் சொல்லியிருந்தது. இளைஞர் அதை ஏக்கர் என்று எண்ணியிருந்தார். ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அப்படியே அடித்திருந்தால் இரண்டரை மடங்கு நஞ்சு மண்ணுக்கும் கிணற்றுக்கும் போயிருக்கும். கடன் வாங்கிய காசும் போயிருக்கும். நோய் மட்டும் போயிருக்காது.

அந்த இளைஞரை நாம் குறை கூறவில்லை. தம்புள்ளைச் சந்தை விலையையும் மழைச் செய்தியையும் அதே கைத்தொலைபேசியில் பார்த்துச் சங்கத்திற்குச் சொல்பவர் அவர்தான். புதிய கருவிகள் வேண்டாம் என்று சொல்வதும் எமது நோக்கமல்ல. ஆனால் ஒரு கருவியை நாம் பாவிக்கிறோமா, அல்லது அதில் சாய்ந்து நிற்கிறோமா என்பதை அடிக்கடி கேட்டுப் பார்க்க வேண்டிய காலம் இது.

இது எப்படி வேலை செய்கின்றது?

செயற்கை நுண்ணறிவு என்பது கணனித் துறையில் பழைய முயற்சிதான். எனினும் 2022 நவம்பரில் சற்ஜிபிரி என்ற செயலி வெளிவந்த பின்னரே அது சாதாரண மக்களின் கைகளுக்கு வந்தது. மனிதர் எழுதிய எண்ணற்ற பக்கங்களைக் கொண்டு பழக்கப்பட்டு, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கும் இயந்திரம் அது. அந்தக் கணிப்பு பல வேளைகளில் சரியாக அமைகிறது. அதனால்தான் மக்கள் அதை நம்புகின்றனர். ஆனால் அது எமது தோட்டத்தில் கால் வைத்ததில்லை. தனக்குத் தெரியாத இடத்திலும், பொருத்தமாகத் தோன்றும் ஒரு விடையைத் தயங்காமல் எழுதிவிடும்.

2023 யூன் மாதத்தில் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று இரண்டு சட்டத்தரணிகளுக்கும் அவர்களது நிறுவனத்திற்கும் 5,000 டொலர் தண்டப்பணம் விதித்தது. அவர்கள் ஆதாரம் காட்டிய பழைய வழக்குகள் நடந்தவையே அல்ல; சற்ஜிபிரி உருவாக்கிக் கொடுத்தவை. படித்த சட்டத்தரணிகளுக்கு, ஆங்கில மொழியில், இந்த நிலை. தமிழில் அந்த இயந்திரங்களுக்குக் கிடைத்திருப்பவை ஆங்கிலத்தைவிட மிகக் குறைவு. வன்னி மண்ணைப் பற்றியும் பரப்புக் கணக்கைப் பற்றியும் இன்னும் குறைவாகவே இருக்கும்.

பூட்டப்பட்ட உழவு இயந்திரம்

பிழையான விடை ஓர் ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதை விளக்க உக்ரெயின் நாட்டில் நடந்ததைச் சொல்கிறோம்.

2022 இல் மெலிற்றோபோல் நகரைக் கைப்பற்றிய ரஷ்யப் படையினர், அங்கிருந்த விற்பனை நிலையம் ஒன்றிலிருந்து ஜோன் டியர் கம்பனியின் 27 விவசாய இயந்திரங்களைக் கொண்டு சென்றதாகச் செய்திகள் வெளிவந்தன. அவற்றின் பெறுமதி ஏறக்குறைய 50 இலட்சம் டொலர். சில இயந்திரங்கள் ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் செச்னியா வரை போய்ச் சேர்ந்தன. ஆனால் அங்கே அவற்றை இயக்க முடியவில்லை. அவற்றுள் இருந்த கணனிகளைத் தொலைவிலிருந்தே பூட்டிவிட்டார்கள்.

களவு போன பொருள் கள்வனுக்குப் பயன்படாமல் போனது நல்லதுதானே என்று நாம் மகிழலாம். ஆனால் ஒரு நிமிடம் சிந்திப்போம். வயலில் நிற்கும் ஓர் இயந்திரத்தை எங்கோ தொலைவில் இருப்பவர் நிறுத்தலாம் என்றால், அதன் உண்மையான திறப்பு யாரிடம் இருக்கிறது? கள்வனிடம் நிறுத்தக்கூடியதை விவசாயியிடமும் நிறுத்தலாம் அல்லவா?

இது வெறும் கற்பனைப் பயமல்ல. அமெரிக்க விவசாயிகள் பல ஆண்டுகளாக இதே குறையைச் சொல்லி வருகின்றனர். இயந்திரம் பழுதானால் ஊரிலுள்ள திருத்துநர் கை வைக்க முடியாது. கம்பனியின் கணனிச் செயலி இருந்தால்தான் பழுதைக் கண்டறிந்து முழுமையாகத் திருத்தலாம். அறுவடைக் காலத்தில் கம்பனியின் முகவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். இதனால் 2023 இல் கொலராடோ மாநிலம், விவசாயிகள் தமது இயந்திரங்களைத் தாமே திருத்தும் உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு இதே விடயத்தில் ஜோன் டியருக்கு எதிராக வழக்குத் தொடுத்தது.

மனிதர் எவரும் பூட்டாமலேயே எல்லாம் நின்றுபோவதும் உண்டு. 2024 மே 10, 11ஆம் திகதிகளில் சூரியனிலிருந்து கிளம்பிய பெரும் காந்தப் புயலொன்று பூமியைத் தாக்கியது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் அது சோளம் விதைக்கும் காலம். அங்குள்ள உழவு இயந்திரங்கள் செய்மதி காட்டும் வழியில் நேர்கோடு பிடித்து ஓடுபவை. செய்மதிச் சைகை குழம்பியதும் பல விவசாயிகள் விதைப்பையே நிறுத்தினர்.

எமக்கு இது புதிய பாடமல்ல

அமெரிக்க விவசாயி இன்று கற்கும் பாடத்தை நாம் வேறு விதமாக ஏற்கனவே கற்றவர்கள். 1990 முதல் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போனது. எரிபொருள், பசளை, மின்கலம் எல்லாவற்றுக்கும் தடை. அந்த ஆண்டுகளை எமது மக்கள் எப்படிக் கடந்தனர்? ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டனர். பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓடவைத்தனர். இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்ததால் அது முடிந்தது. இன்றைய கணனி இயந்திரத்தை அப்படிக் கழற்றிப் பூட்ட எம்மால் முடியுமா?

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டபோது, வேறு வழியே அறியாத வயல்களெல்லாம் வாடின. 2022 இல் எரிபொருள் இல்லாது நாம் வரிசையில் நின்றோம். அப்போது கைத்தொலைபேசியில் கியூ.ஆர். குறியீடு காட்ட முடிந்தவருக்கு அது பெரும் உதவி. அதைப் பெறத் தெரியாத முதியவர்கள் பிறரின் தயவை நாட வேண்டியிருந்தது. ஒரே ஒரு வழியை மட்டும் நம்பி இருப்பவன், அந்த வழி அடைபடும் நாளில் திகைத்து நிற்கிறான்.

பட்டியலில் பெயர் இல்லை

இடம்பெயர்ந்த எவருக்கும் "பட்டியலில் உங்கள் பெயர் இல்லை" என்ற வார்த்தையின் கனம் தெரியும். முன்பு அதைச் சொன்னவர் மேசைக்கு அப்பால் இருந்த ஒரு மனிதர். அவரிடம் வாதாடலாம், அழலாம், குடும்ப அட்டையைக் காட்டலாம். இனி அதை ஒரு கணனி சொன்னால் யாரிடம் வாதாடுவது?

நெதர்லாந்து நாட்டில் இது நடந்துவிட்டது. பிள்ளைப் பராமரிப்புக்காக அரசு வழங்கும் உதவிப் பணத்தில் மோசடி நடக்கிறதா என்று கண்டறிய, அந்நாட்டு வரித் திணைக்களம் தானாகக் கற்கும் கணனி முறை ஒன்றைப் பயன்படுத்தியது. விண்ணப்பதாரர் நெதர்லாந்துப் பிரசை அல்லர் என்பதும் சந்தேகத்தைக் கூட்டும் காரணங்களுள் ஒன்றாக அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அது அதிக ஆபத்து என்று காட்டிய கோப்புகளை அதிகாரிகள் பரிசீலித்தனர். ஆனால் ஏன் அப்படிக் காட்டியது என்பது அவர்களுக்கே சொல்லப்படவில்லை. படிவத்தில் விடப்பட்ட சிறு தவறுகளுக்கும் மோசடிப் பட்டம் சூட்டப்பட்டது. பல்லாயிரம் பெற்றோர் பெற்ற பணம் முழுவதையும் திருப்பிச் செலுத்தப் பணிக்கப்பட்டனர். குடும்பங்கள் கடனில் மூழ்கின, வீடுகள் பறிபோயின, குடும்பங்கள் பிரிந்தன. உண்மை வெளியானபின் 2021 ஜனவரி 15ஆம் திகதி அந்நாட்டு அரசாங்கமே பதவி விலகியது. ஆனால் சிதைந்த குடும்பங்களை எந்தப் பதவி விலகலும் ஒன்றுசேர்க்காது.

எமது நாட்டில் 2023 இல் அஸ்வெசும உதவித் திட்டம் தொடங்கியபோது, குடும்பங்களின் விபரங்களுக்குப் புள்ளியிட்டுத் தெரிவு நடந்தது. இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தனர். அதைச் செயற்கை நுண்ணறிவு செய்தது என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் வறுமை புள்ளியாக மாறும்போது எவையெல்லாம் விடுபட்டுப் போகும் என்பதை நாம் அங்கே கண்டோம். அந்தப் புள்ளியையும் நாளை ஓர் இயந்திரமே இடுமானால், மேன்முறையீட்டைக் கேட்க ஒரு மனிதர் கட்டாயம் இருக்க வேண்டும்.

தெரிந்த குரல்

இன்னொரு ஆபத்து எமது வீட்டு வாசலுக்கே வரக்கூடியது. சில வினாடிப் பேச்சுப் பதிவிலிருந்து ஒருவரின் குரலைப் போலியாக உருவாக்கும் வசதி இன்று உள்ளது. 2024 இல் ஹொங்கொங்கில் நிறுவனம் ஒன்றின் ஊழியர், தமது மேலதிகாரிகளின் முகத்தையும் குரலையும் கணனித் திரையில் நம்பி, ஏறக்குறைய 250 இலட்சம் டொலரை மோசடிக்காரருக்கு அனுப்பிவிட்டார். வெளிநாட்டிலுள்ள மகனின் குரலில் "அம்மா, அவசரம், காசு அனுப்புங்கோ" என்று ஓர் அழைப்பு வந்தால் நாம் என்ன செய்வோம்?

நாம் செய்யக்கூடியவை

இவற்றுக்குப் பெரும் படிப்புத் தேவையில்லை.

முதலாவது, கைத்தொலைபேசி சொல்லும் விடையை ஒரு தொடக்கமாக மட்டும் கொள்வோம். மருந்து அடிக்குமுன் இலையைப் பார்ப்போம். போத்தலில் ஒட்டியுள்ள அறிவுறுத்தலை வாசிப்போம். விவசாயப் போதனாசிரியரிடம் கேட்போம்.

இரண்டாவது, கொப்பி ஒன்றில் விதைத்த திகதி, மழை, நோய், விளைச்சல் என்பவற்றை எழுதி வைப்போம். எந்த இயந்திரத்திடமும் இல்லாத அறிவு அது. சொந்த விதையில் ஒரு பகுதியையேனும் பேணுவோம்.

மூன்றாவது, சங்கமாக இயந்திரம் வாங்கும்போது விலையை மட்டும் கேளாமல், ஊர்த் திருத்துநரால் இதைத் திருத்த முடியுமா என்றும் கேட்போம்.

நான்காவது, உதவி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்போம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த உரிமையை எமக்குத் தருகிறது. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். காணி உறுதி, அட்டைகள் ஆகியவற்றின் பிரதிகளைக் கடதாசியிலும் வைத்திருப்போம்.

ஐந்தாவது, பணம் கேட்டு அழைப்பு வந்தால் அதை நிறுத்திவிட்டு, எமக்குத் தெரிந்த இலக்கத்திற்கு நாமே திருப்பி எடுப்போம். வீட்டார் மட்டும் அறிந்த ஒரு கேள்வியை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

அன்று தோட்டத்திலிருந்து திரும்பும்போது அந்த இளைஞர் ஆச்சியிடம், அவருக்குத் தெரிந்த நோய்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்படி கேட்டு, கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டு வந்தார். கருவியை அப்படியும் பாவிக்கலாம். அந்த வேளையில் திறப்பு அவர் கையில் இருந்தது.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

1. எமது தொழிலில் எந்தெந்த வேலைகளை இன்று கைத்தொலைபேசி அல்லது இயந்திரம் இன்றிச் செய்ய முடியாது? பத்து ஆண்டுகளுக்கு முன் எப்படிச் செய்தோம்?

2. எமது கிராமத்து முதியோரிடம் உள்ள எந்த அறிவு இன்னும் எழுதப்படவில்லை? அதை யார் எழுதுவது?

3. உதவிப் பட்டியலில் இருந்து விடுபட்ட குடும்பம் ஒன்றிற்காகச் சங்கம் எடுக்கக்கூடிய முதல் மூன்று நடவடிக்கைகள் எவை?