ஒரே பானை, ஒரே பந்தி

மூன்று வருஷம் இருக்கும். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பதினோரு பேருக்குச் சாப்பாடு. அம்மா விடிகாலை 5 மணிக்கு அடுப்படிக்குள் போனவள் வெளியே வரவில்லை. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், அவியல், இரண்டு பொரியல், பச்சடி, பாயசம், கடைசியாக வடை. பன்னிரண்டரைக்கு இலை போடுவதாகச் சொல்லியிருந்தோம். இரண்டே கால் ஆகியும் வடை எண்ணெயில் கிடந்தது.

கூடத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த சித்தப்பா பேச்சை நிறுத்தினார். மின்விசிறிக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது.

"என்ன சித்தப்பா, இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்லடா. வெக்கை."

தையில் என்ன வெக்கை? மதினிதான் கிட்டே போய்க் கேட்டாள். "மாத்திரை எப்போ போட்டீங்க மாமா?"

"பன்னெண்டுக்குப் போட்டுட்டேன். பன்னெண்டரைக்குச் சாப்பாடுன்னாங்களே."

அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சீனியைக் கலக்கிக் கொடுத்தாள். கால் மணி நேரத்தில் மனிதர் பழையபடி அரசியல் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை பதார்த்தம் வெந்துகொண்டிருந்த வீட்டில் ஒரு மனுஷன் பசியில் விழப் பார்த்தார். சமைத்தவளோ நாலு மணிக்கு, ஆறிப்போன சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விருந்து மாறிவிட்டது. ஒரு பானைச் சோறு, ஒரு தொடுகறி, ஒரு இனிப்பு. அவ்வளவுதான்.

சொன்ன நேரத்துக்கு இலை

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பந்தியில் ஏழு பேர் உட்கார்ந்தால் அதில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒருவரைக் கூப்பிடும்போது என்ன சமைக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம். எத்தனை மணிக்குப் போடுவோம் என்பதை யோசிப்பதே இல்லை.

சர்க்கரை மாத்திரைகளில் சில வகைகளும் இன்சுலினும் சாப்பாடு வரும் என்ற கணக்கில் வேலை செய்பவை. சாப்பாடு வராவிட்டால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை அவை இன்னும் இறக்கிவிடும். அளவு 70-க்குக் கீழே போனால் வேர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் தடுமாற்றம் வரும். உடனே மூன்று டீஸ்பூன் சீனியோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிஷம் பொறுத்துப் பார்த்து, சரியாகவில்லையென்றால் இன்னொரு தடவை கொடுக்கலாம். தெளிந்ததும் சாப்பாடு. அந்த நேரத்தில் லட்டையோ சாக்லேட்டையோ திணிப்பவர்கள் உண்டு. அவற்றில் உள்ள நெய்யும் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும்.

கூட்டாஞ்சோறு

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரிசி, பருப்பு, காய், கீரை, புளி, தேங்காய் எல்லாம் ஒரே பானையில் வேகும் சோறு. சாம்பார் சாதம் என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் கோபித்துக்கொள்வார்கள். சாம்பார்ப் பொடி இதில் கிடையாது.

ஆறேழு பேருக்கு ஒன்றரை டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் துவரம்பருப்பு. வழக்கமாகப் பருப்பு இதில் பாதிதான் போடுவார்கள். ஆச்சி கணக்கும் அதுதான். நாங்கள் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டிக்கொண்டோம். காயில் முருங்கைக்காய், கத்திரிக்காய், வாழைக்காய், சீனியவரைக்காய், ஒரு துண்டு மாங்காய். நறுக்கிப் போட்டால் அரிசியும் பருப்பும் மறைகிற அளவுக்கு இருக்க வேண்டும். ஒரு பிடி முருங்கைக்கீரை.

பருப்பை மஞ்சள் தூளோடு முக்கால் வேக்காடு வேகவைத்து, அரிசியையும் கெட்டிக் காய்களையும் போட வேண்டும். அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்கு நாலு பங்கு தண்ணீர். புளித்தண்ணீரை அவசரப்பட்டு ஊற்றிவிடக் கூடாது. புளிப்பு முன்னாடியே சேர்ந்தால் பருப்பும் காயும் வேகாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். அரிசி மலர்ந்த பிறகு புளி, மாங்காய், கீரை. அதோடு தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு சேர்த்து அரைத்த விழுது. கடைசியில் தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் தாளித்துக் கொட்டி மூடிவிட்டுப் பத்து நிமிஷம் அந்தப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். திறக்கும்போது வருகிற வாசம் தெருவரைக்கும் போகும்.

இதில் உடம்புக்கு என்ன இருக்கிறது என்றால், அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் வயிற்றுக்குப் போனால் ஒன்றின் குறையை இன்னொன்று சரிக்கட்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி சாப்பிடச் சொல்கிறது. அதைப் பொரியலாக மட்டும் தின்று தீர்க்க யாராலும் ஆகாது. சோற்றுக்குள் குழைந்து போனால், முருங்கைக்காயைத் தவிர எதையும் பிள்ளைகள் ஒதுக்கிவைப்பதில்லை.

இலையில் முதலில் தொடுகறியை வைத்து, அது பாதி காலியான பிறகு சோறு பரிமாறினால் சர்க்கரை நோயாளிக்கு நல்லது. காயும் பருப்பும் முன்னால் போனால் சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். சாப்பிட்டுக் கையலம்பியதும் காபியை நீட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. ரத்தசோகை உள்ளவர்களுக்கு அது ஆகாது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்பதைக் காபியும் டீயும் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். எலுமிச்சம்பழத்தில் உள்ள வைட்டமின் சி அதற்கு நேர் எதிர், இரும்பை உள்ளே இழுத்து வரும்.

ஒரு பானை எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பருப்பு, கீரை, காய் எல்லாவற்றிலும் அளவு உண்டு. மருத்துவர் கொடுத்த சீட்டுதான் அவர்களுக்குச் சமையல் புத்தகம். ஒரு வயதாகாத குழந்தைக்கு உப்பு, காரம் சேர்ப்பதற்கு முன்னால் பருப்புச் சோற்றை ஒரு கிண்ணத்தில் எடுத்து மசித்துவைத்துக்கொள்ளலாம்.

அப்பளத்தின் உப்பு

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பானையில் போடுகிற உப்பைக் கண்ணால் பார்க்கிறோம். இலை ஓரத்தில் இருப்பதுதான் கணக்கில் வராமல் போகிறது. ஊறுகாய் உப்பில்தான் ஊறுகிறது. மோர் மிளகாயை வாயில் போட்டாலே தெரிந்துவிடும். அப்பளம் கொஞ்சம் தந்திரமானது. அதில் உப்பு மட்டுமல்ல, அப்பளக்காரமும் சோடியம்தான். எண்ணெய் வேண்டாம் என்று தணலில் சுட்டால் எண்ணெய் மிச்சம். சோடியம் அப்படியே இருக்கும்.

அதற்காகக் கூட்டாஞ்சோற்றுக்கு அப்பளம் இல்லை என்று அறிவித்தால் வீட்டில் கலகம் வெடிக்கும். நாங்கள் செய்வது, பானையில் உப்பைக் கால் பங்கு குறைத்துவிடுவது. புளியும் மாங்காயும் இருப்பதால் நாக்கு அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆளுக்கு ஒரு அப்பளம். ஊறுகாய் பாட்டில் அலமாரியிலேயே இருக்கும். கேட்டவருக்கு மட்டும் வரும்.

மழைக்குப் பொங்கல், காய்ச்சலுக்கு ரசம்

ஐப்பசி அடைமழையில் நண்பர்கள் சொல்லாமல் வந்து நின்றால் வெண்பொங்கல்தான். அரிசியும் பாசிப்பருப்பும் சம அளவு. குழைய வேகவிட்டு, கொதிக்கிற தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றி மத்தால் ஒரு மசி. அந்த மசியல் வந்துவிட்டால் கடைப் பொங்கல்போல நெய்யில் மிதக்க வேண்டியதில்லை. ஒரு டீஸ்பூன் நெய் ஏறக்குறைய 45 கலோரி. ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் மிளகு, சீரகம், இஞ்சியை அதில் பொரித்துக் கடைசியில் மேலே ஊற்றினால் வாசனை முழுக்க மேலேயே நிற்கும்.

ரசத்தைப் பற்றி வாட்சப்பில் வருவதையெல்லாம் நம்பினால் ஆஸ்பத்திரிகளை இழுத்து மூடிவிடலாம். மிளகு ரசம் காய்ச்சலைக் குணப்படுத்தாது. சூடான நீரும் உப்பும் உடம்புக்குள் போகும், தொண்டைக்கு இதமாக இருக்கும், பசியே இல்லாதவருக்கும் குழைந்த சோற்றோடு நாலு வாய் இறங்கும். அதுவே பெரிய காரியம். மழைக்காலத்தில் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரசத்தோடு சேர்த்து ரத்தப் பரிசோதனையும் வேண்டும். டெங்கு, புளிப்புக்கும் காரத்துக்கும் பயப்படாது.

பாயசத்துக்கு டவரா

வெல்லம் போட்டால் ஆரோக்கியம் என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பகுதி சீனிதான். கொஞ்சம் தாதுக்கள் இருக்கின்றன. ருசியும் வாசனையும் நிச்சயம் உயர்ந்தவை. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. "மாமா, இது வெல்லம்தான், தைரியமா சாப்பிடுங்க" என்று ஊற்றுவது அன்பாக இருக்கலாம், உதவி அல்ல.

நாங்கள் பாத்திரத்தை மாற்றினோம். காபி டவராவில் நூறு மில்லிக்குக் கொஞ்சம் குறையாகத்தான் பாயசம். எட்டு பேருக்கு 100 கிராம் பாசிப்பருப்பு, 100 கிராம் வெல்லம். பழைய அளவுப்படி வெல்லம் இரட்டிப்பு. பருப்பை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, குழைய வேகவைத்து, கரைத்து வடிகட்டிய வெல்லத்தை ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். வடிகட்டாவிட்டால் மண் பல்லில் கடிபடும். அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்ததும் ஒரு டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால்; கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துபோகும். சுக்கு, ஏலக்காய், அரைச் சிட்டிகை உப்பு. அந்த உப்புதான் குறைத்த வெல்லத்தை நாக்குக்குத் தெரியாமல் மறைக்கிறது. முந்திரியைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும்.

ஆளுக்கு 12, 13 கிராம் வெல்லம் வரும். நாளொன்றுக்குச் சேர்க்கும் இனிப்பு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். காலைக் காபிச் சீனியும் அந்தக் கணக்கில்தான். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறவர் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொண்டு டவராவில் பாதியை ருசிக்கலாம். கட்டுக்குள் இல்லாதவரை வற்புறுத்த வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் அடுப்பே வேண்டாம். நுங்கைத் தோலுரித்து நறுக்கி, இளநீர் வழுக்கையை அரைத்துத் தேங்காய்ப்பாலோடு சேர்த்தால் போதும். இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரக நோயாளிகள் மட்டும் விலகி நிற்க வேண்டும்.

மிஞ்சிய சோறு

நம்மூர்ச் சூட்டில் வடித்த சோறு மதியம் முழுக்க மேடையில் கிடந்தால், அரிசியோடு வந்து வேக்காட்டிலும் சாகாத நுண்ணுயிர் விதைகள் பெருகத் தொடங்கும். பேசில்லஸ் செரியஸ் என்று பெயர். வாந்தியை உண்டாக்கும் அதன் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 'நல்லா கொதிக்கவெச்சுட்டேன்' என்ற சமாதானம் இங்கே எடுபடாது. இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பானையோடு வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். பருப்பும் காயும் தேங்காயும் சேர்ந்த கூட்டாஞ்சோற்றைப் பழைய சோறுபோல நீரூற்றி வைக்கவும் முடியாது. ஆகவே மிஞ்சாத அளவுக்கு வைப்பதுதான் எங்கள் வழக்கம். மிஞ்சுவது அடியில் பிடித்த காந்தல் மட்டும்தான். அதற்கு முன்பெல்லாம் பேரப்பிள்ளைகள் சண்டை போடுவார்கள், இப்போது அம்மாவும் போட்டியில் இருக்கிறாள். அவளும் எங்களோடு பந்தியில் உட்கார்ந்துவிடுகிறாளே.

போன ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டே காலுக்கு சித்தப்பா பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டார். "இறங்கிட்டேன்டா. மாத்திரையைப் போட்டுறவா?"

அம்மா பானை மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கரண்டியை ஆட்டியபடி போனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "வந்து இலைக்கு முன்னால உக்காந்துட்டுப் போடச் சொல்லு."