மாடிப்படியில் தொங்கிய மைக்

முன்னாளில் இரண்டு மூன்று பேர் பகிர்ந்து வாசித்த தோல்கருவிகளையும் தாளத்தட்டுகளையும் ஒரே மனிதர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஆளத்தக்கதாகச் செய்தது, 1909-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து வில்லியம் லுட்விக் விற்பனைக்குக் கொண்டுவந்த, காலால் மிதித்துப் பெரிய டிரம்மை முழக்கும் பெடல். மேடையிலே கைகள் செய்யும் ஜாலத்தில் சபையோர் மயங்கினாலும், டிரம்ஸ் வித்வானின் தரத்தை அறிய விரும்புகிறவர் அவருடைய வலது காலைத்தான் கவனிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அதற்குச் சிறந்த திருஷ்டாந்தம், இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் 1948-இல் பிறந்து, தகப்பனாரிடம் தச்சுவேலை பயின்று, 1968-இல் லெட் ஜெப்பலின் என்ற ராக் கோஷ்டியில் சேர்ந்த ஜான் பான்ஹம். பெரிய டிரம்மில் ஒற்றைப் பெடலைக்கொண்டே அவர் எழுப்பிய துரிதமான இரட்டை மிதிகளை, கோஷ்டியின் முதல் இசைத்தட்டில் கேட்டவர்களில் பலர், இரண்டு கால்களின் வேலை என்றே எண்ணினார்கள். வேகம் மட்டுமன்று, தாளத்திற்கு இம்மியளவு பிந்தி விழுவதுபோலத் தோன்றும் அந்த அடியில் ஒரு கனம் உண்டு.

ஹாம்ப்ஷயரில் 1795-இல் ஏழைகள் விடுதியாகக் கட்டப்பட்ட ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில், நான்காவது இசைத்தட்டுக்காகக் கோஷ்டியார் தங்கியிருந்தபோது, உயர்ந்த கூடத்தின் நடுவே டிரம்ஸை வைத்துவிட்டு, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேலே மாடிப்படியிலிருந்து இரண்டே இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார். தோலுக்கு அருகில் வைத்த மைக் நேரே வரும் அடியையே பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். விலகி நிற்பதோ, அதைத் தொடர்ந்து சுவரிலும் கூரையிலும் பட்டுச் சற்றே தாமதித்துவரும் பிரதித்வனிகளையும் கிரகிப்பதால், கேட்பவர் செவியில் அந்தக் கூடமே அதிர்கிறது. மிஸிஸிப்பி வெள்ளத்தைப் பற்றிய பழைய புளூஸ் பாட்டொன்றைப் புதுப்பித்து அங்கே இவ்வாறு செய்த பதிவு, 1971-இல் வெளிவந்தது.

1980 செப்டம்பரில், அளவுகடந்த குடியால், முப்பத்திரண்டே வயதில் பான்ஹம் மாண்டார். வேறொருவரை அமர்த்தித் தொடர மனமின்றி, டிசம்பர் மாதமே கோஷ்டி கலைந்தது. ஆயினும் 1986-இல் நியூயார்க்கின் பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் கோஷ்டியார் அந்தப் பதிவின் டிரம் அடிகளையே அப்படியே வெட்டியெடுத்துத் தங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு அஸ்திவாரமாக்கினார்கள். பின்வந்த பலரும் அவ்வாறே எடுத்தாண்டார்கள். எழுதிக்கொண்டு மறுபடி வாசிக்கக்கூடிய எளிய தாளந்தான் அது. இருந்தும் அவர்கள் பதிவையே எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அந்தக் காலும் அந்தக் கூடமும் அதில் ஒன்றாகக் கலந்திருந்தமையே.