“ஓ” குரூப்பும் சேராத ரத்தம்

ரத்ததான முகாம் வந்தால் “ஓ” குரூப் பசங்களுக்குத் தனி மவுசு. “எங்க ரத்தத்தை யாருக்கு வேணும்னாலும் ஏத்தலாம்” என்பார்கள். அது முழு உண்மையல்ல!

1952-ல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம். பெண்டே குழுவினர் ஓர் அபூர்வ வகையை அறிவித்தார்கள். அதன் பெயரே “பம்பாய் குரூப்”. நம் சிவப்பணுக்களின் மேல் “எச்” என்றொரு பொருள் உண்டு. அதுதான் அஸ்திவாரம், ஏ, பி எல்லாம் அதன்மேல் எழும்பும் சுவர். “ஓ”வில் அஸ்திவாரம் மட்டுமே. பம்பாய் குரூப்காரருக்கு அதுவும் கிடையாது. ஆகவே “ஓ” ரத்தம் ஏற்றினாலும் அவர் உடம்பு அதை அந்நியனாக நினைத்து, அந்தச் சிவப்பணுக்களை உடைத்துத் தள்ளும். சிறுநீரகம் கெடும், உயிரே போகலாம். சாதாரண குரூப் டெஸ்டில் இவரும் “ஓ” என்றே தெரிவார் என்பதுதான் வம்பு. நோயாளியின் சீரத்தோடு, ஏற்றப்போகும் சிவப்பணுவைக் கலந்து பார்க்கும் “கிராஸ் மேட்ச்” காட்டிக்கொடுத்துவிடும்.

திருவிடைமருதூரிலிருந்து கும்பகோணம் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது (வீட்டில் படித்தவன் நான் ஒருத்தன்தான், என்னைத்தான் அனுப்புவார்கள்) “ஏன் சார் லேட்டு?” என்று லேப்காரரிடம் சண்டை போடாதீர்கள். ஏற்ற ஆரம்பித்ததும் முதல் 15 நிமிஷம் பக்கத்திலேயே இருங்கள். நடுக்கம், காய்ச்சல், இடுப்புவலி, மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். மீதி ரத்தப் பையையும் தூக்கி எறியவிடாதீர்கள். அது ரத்த வங்கிக்கே திரும்பப் போகவேண்டும். என்ன நடந்தது என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.