நாற்பது வயதில் 'அலிஃப்'... இஸ்லாத்தின் அடிப்படைகளை வீட்டிலிருந்தே கற்க ஓர் ஆறு மாதத் திட்டம்!

பள்ளிவாசல் முற்றத்தில் சந்தூக்கு இறக்கி வைக்கப்படுகிறது. ஹஜ்ரத் முன்னால் நின்று தக்பீர் சொல்கிறார். முதல் வரிசையில் இறந்தவரின் மகன், கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான்கு தக்பீர், கடைசியில் சலாம். குனிவதும் இல்லை, நெற்றியைத் தரையில் வைப்பதும் இல்லை. ஐந்து நிமிடம்கூட ஆகாது. வாப்பாவுக்காகச் செய்யும் அந்தக் கடைசித் தொழுகையில் என்ன ஓதுவதென்று தெரியாமல், உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் நிறைய பேர். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சின்ன வயதில் மக்தப் மதரஸாவுக்குப் போகவேண்டிய மாலை நேரத்தை டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கும். அல்லது ஹாஸ்டல் படிப்பு, வெளிநாட்டில் வளர்ப்பு. சில ஊர்களில் பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் ஓதப்போவது நின்றுவிடும். பத்து வயதில் விட்டதை நாற்பது வயதில் பிடிக்க நினைக்கும்போது முதலில் வருவது கூச்சம்தான். எட்டு வயதுப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து 'அலிஃப், பே' சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? எனவே கதவைச் சாத்திக்கொண்டு யூடியூபைத் திறக்கிறார்கள். அங்கே ஆயிரம் வீடியோ. எதிலிருந்து தொடங்குவது என்பதுதான் தெரியாது.

நாளைக் காலையே எது தேவைப்படுமோ, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் மாதம்: ஏழே வசனம்

கலிமா, ஒளு, தொழுகை. இவை மூன்றும் போதும். கலிமா பலருக்கும் தெரிந்திருக்கும். அதன் பொருளையும் ஒருமுறை படித்துக்கொள்ளலாம். ஒளு செய்யும் முறை இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும்.

தொழுகையில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. சுபுஹுக்கு 2 ரக்அத், லுஹருக்கு 4, அஸருக்கு 4, மஃரிபுக்கு 3, இஷாவுக்கு 4. மொத்தம் 17. ஒவ்வொரு ரக்அத்திலும் ஃபாத்திஹா, வீட்டுப் பேச்சில் சொன்னால் 'அல்ஹம்து சூரா', இடம்பெறும். அதில் ஏழே வசனங்கள். நாளுக்கொரு வசனம் மனப்பாடம் செய்தால் ஒரு வாரம். அதன்பின் தினமும் 17 இடங்களில் அதே சூரா வந்து நிற்கும்போது, தனியாக ரிவிஷன் எதற்கு? முதல் பாதி இறைவனைப் புகழ்வது, பின்பாதி நேர்வழி காட்டக் கேட்பது. இந்தப் பொருள் மனதில் ஏறிவிட்டால் வரிசை மாறிப்போகும் குழப்பமும் குறையும்.

கூடவே சின்ன சூராக்கள் இரண்டு. 114 சூராக்களில் மிகச் சிறியது 108வது, அல்கவ்ஸர். மூன்றே வசனம். 112வது, அல்இக்லாஸ், நான்கு வசனம். இவை கையில் இருந்தால் தொழுகைக்குப் போதும்.

மாத இறுதியில், தொழுகையின் கடைசி இருப்பில் ஓதும் ஸலவாத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும். இங்கேதான் அந்த ஜனாஸா தொழுகைக்கு விடை கிடைக்கிறது. அதில் முதல் தக்பீருக்குப் பிறகு ஷாஃபி முறையில் ஃபாத்திஹா. ஹனஃபி முறையில், அன்றாடத் தொழுகையின் தொடக்கத்தில் ஓதும் அதே துதி. இரண்டாவது தக்பீருக்குப் பிறகு அதே ஸலவாத். ஆக, தினத்தொழுகை தெரிந்தவருக்கு ஜனாஸாவின் பாதி ஏற்கெனவே தெரியும். புதிதாகக் கற்கவேண்டியது, மூன்றாவது தக்பீருக்குப் பிறகு இறந்தவரின் பாவமன்னிப்புக்காகக் கேட்கும் துஆதான். இதைப் பல புத்தகங்கள் கடைசி அத்தியாயத்தில் வைக்கின்றன. இரண்டாவது மாதத்திலேயே படித்துவிடுவது நல்லது. மரணம் பாடத்திட்டம் பார்த்து வருவதில்லை.

தமிழ் எழுத்தில் ஓதினால் என்ன ஆகும்?

தனியாகப் படிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கடையில் கிடைக்கும் சின்னக் கையேடுகளில் சூராக்கள் தமிழ் எழுத்தில் அச்சாகியிருக்கும். அவசரத்துக்கு உதவும். ஆனால், அரபியில் 'க' போல நம் காதில் விழும் எழுத்துகள் இரண்டு. ஒன்று தொண்டையின் அடியிலிருந்து வரவேண்டிய 'காஃப்', மற்றொன்று நம் சாதாரண 'க'. முதலாவதில் 'கல்ப்' என்றால் இதயம். இரண்டாவதில் 'கல்ப்' என்றால் நாய். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடியும். 'ஸ' கதையும் இதேதான், 'ஹ' கதையும் இதேதான்.

நம் முன்னோருக்கு இருந்தது இதற்கு நேரெதிர் பிரச்னை. அரபு எழுத்தில் தமிழை எழுத நினைத்தார்கள். அரபியில் 'ப' இல்லை, 'ட' இல்லை, 'ழ' இல்லவே இல்லை. பக்கத்து ஒலியுள்ள எழுத்தில் புள்ளியைக் கூட்டி, புது எழுத்து செய்துகொண்டார்கள். அதுதான் அரபுத்தமிழ், அர்வி என்றும் சொல்வார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 - 1898) எழுதிய 'ஃபத்ஹுத் தய்யான்' அப்படி வந்த மார்க்கச் சட்ட நூல். தமிழ் எழுத்து தெரியாத பாட்டிமார்கள்கூட, குர்ஆன் ஓதப் பழகிய எழுத்தறிவை வைத்தே அரபுத்தமிழ் நூல்களை வீட்டில் உட்கார்ந்து படித்தார்கள். வீட்டிலிருந்து மார்க்கம் கற்பது யூடியூப் கொண்டுவந்த புதுப் பழக்கம் அல்ல.

எனவே இரண்டாவது, மூன்றாவது மாதங்கள் எழுத்துக்கு. மொத்தம் 28. தினம் இரண்டு என்றால் இரண்டு வாரம். சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் ஒரே எழுத்து வேறு வேறு உருவத்தில் நிற்கும். ஆறு எழுத்துகள் மட்டும் அடுத்த எழுத்தோடு கைகோக்காது. இந்த ஆறையும் முதலிலேயே அடையாளம் கண்டுகொண்டால் சொல்லைப் பிரித்துப் படிப்பது எளிது. அப்புறம் ஜபர், ஜேர், பேஷ் எனும் உயிர்க்குறிகள். மதரஸா பிள்ளைகள் வைத்திருக்கும் 'யஸ்ஸர்னல் குர்ஆன்' பெரியவர்களுக்கும் பொருந்தும். அட்டையைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம், ப்ரவுன் ஷீட் போட்டுக்கொள்ளலாம்!

ஒரே தொழுகை, இரண்டு வீடியோ

நான்காவது மாதம் சட்டம் பக்கம் போகும்போது குழப்பம் வரும். ஒரு வீடியோவில் ருகூவுக்குப் போகுமுன் கையை உயர்த்துகிறார்கள், இன்னொன்றில் இல்லை. ஒருவர் சுபுஹில் நின்றபடி குனூத் ஓதுகிறார், மற்றவர் நேராக சஜ்தாவுக்குப் போகிறார். யார் தப்பு?

இருவருமே தப்பில்லை. தமிழ்நாட்டில் ஷாஃபி, ஹனஃபி என்ற இரண்டு சட்ட மரபுகளும் இருக்கின்றன. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி வழக்கம், உள்மாவட்டங்களில் பரவலாக ஹனஃபி. எந்த மரபையும் பின்பற்றாமல் ஹதீஸை நேரடியாகப் பார்ப்போம் என்பவர்களும் உண்டு. புதிதாகப் படிப்பவர் மூன்றையும் கலந்து படித்தால் ஒன்றும் தேறாது. தன் குடும்பத்தின் வழக்கம் எது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, முதல் சுற்றில் அந்த ஒரு வழியை மட்டும் படித்து முடிப்பது புத்திசாலித்தனம். ஒப்பிட்டுப் பார்க்க பின்னால் நேரம் இருக்கிறது.

இந்த வித்தியாசம் நகைப்பெட்டி வரை வரும். ஜகாத் 2.5 சதவிகிதம். நிஸாப் எனப்படும் அளவுக்கு மேல் உள்ள சேமிப்பு ஒரு பிறை ஆண்டு, அதாவது சுமார் 354 நாள், கையில் இருந்தால் கொடுக்க வேண்டும். சேமிப்பு 4,00,000 ரூபாய் என்றால் ஜகாத் 10,000 ரூபாய். தங்கத்தில் நிஸாப் சுமார் 85 கிராம். அணிந்துகொள்ளும் நகைக்கு? ஹனஃபி சட்டப்படி ஜகாத் உண்டு. ஷாஃபி சட்டப்படி வழக்கமான அளவில் பெண்கள் அணியும் நகைக்கு இல்லை. ரமலானில் கணவன், மனைவிக்குள் வரும் வாக்குவாதங்களில் இதற்கும் ஓர் இடம் உண்டு.

பெண்கள் தயங்கித் தயங்கித் தேடும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். மாதவிடாய் நாட்களில் விடுபடும் தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டியதில்லை. ரமலானில் விடுபட்ட நோன்பை மட்டும் பின்னர் நோற்க வேண்டும்.

ஐந்தாவது, ஆறாவது மாதங்கள் வாசிப்புக்கு. நபிகளாரின் வரலாற்றை நான்கு ஆண்டுகளை ஆணியடித்துக்கொண்டு படிக்கலாம்: 610 முதல் வஹீ, 622 மதீனா பயணம், 630 மக்கா வெற்றி, 632 மறைவு. குர்ஆனின் பொருளுக்கு ஆ.கா. அப்துல் ஹமீத் பாகவியின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இன்றும் கிடைக்கிறது. நடை கடினமாகத் தோன்றினால் பிற்கால மொழிபெயர்ப்புகளும் உண்டு. வாட்ஸ்அப்பில் 'நபி சொன்னார்கள்' என்று வருவதையெல்லாம் நோட்டில் எழுத வேண்டாம். எந்த நூல், எத்தனையாவது எண் என்று இல்லாதது தள்ளிப்போகட்டும். புகாரியும் முஸ்லிமும் தமிழில் அச்சிலேயே இருக்கின்றன, தேடிப் பார்த்துவிடலாம்.

இத்தனையையும் தனியாகப் படித்துவிடலாம், உச்சரிப்பைத் தவிர. தன் நாக்கு செய்யும் தவறு தன் காதுக்குக் கேட்காது. அதற்கு வாரம் ஒருமுறை பத்து நிமிடம் கேட்டுத் திருத்த ஓர் ஆள் தேவை. பெண்களுக்கு ஆலிமாக்கள் இருக்கிறார்கள். ஓதியதை வாய்ஸ் நோட்டாக அனுப்பினாலும் திருத்தித் தர முடியும். ஆண்களுக்கு இன்னும் சுலபம். மஃரிப் முடிந்து கூட்டம் கலைந்ததும் பள்ளிவாசலில் ஹஜ்ரத் அருகே போய் உட்கார்ந்து, "ஹஜ்ரத், நான் அல்ஹம்து சூரா ஓதுறேன், சரியா இருக்கான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?" என்று கேட்க வேண்டும். இஷாவுக்கு பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருக்கும்.