புரத நுரைநீக்கி: கோளாறுகளும் தீர்வுகளும்

புரத நுரைநீக்கி (புரோட்டீன் ஸ்கிம்மர்) என்பது கடல்நீர் மீன்தொட்டியில் கரைந்துள்ள கரிமக் கழிவுகளை நுண்ணிய காற்றுக்குமிழிகளின் உதவியால் நுரையாக்கி அகற்றும் கருவியாகும். மீன்களின் கழிவும் எஞ்சிய உணவும் சிதைந்து அம்மோனியாவாக மாறும் முன்பே அவற்றில் ஒரு பகுதியை இது வெளியேற்றுகிறது. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து சாலைவழியே சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள திருநெல்வேலி போன்ற நகரில், தொட்டிக்கான கடல்நீரை நினைத்தவுடன் பெற இயலாது. எனவே இக்கருவி சில நாட்கள் செயலிழந்தாலும் மீன்களின் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

செயல்படும் விதம்

புரதம், கொழுப்பு போன்றவற்றின் மூலக்கூறுகளில் ஒரு பகுதி நீரை நாடும். மற்றொரு பகுதி நீரை விலக்கும். இதனால் அவை குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மேலெழுந்து, கழுத்துக்குழாய் வழியே சேகரிப்புக் கிண்ணத்தில் பழுப்பு நிறக் கழிவாகச் சேர்கின்றன. திருச்செந்தூர்க் கரையில் அலைகள் மோதும்போது நுரை திரள்வதும் இதே தத்துவத்தால்தான்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. இவ்வுப்பு குமிழிகள் ஒன்றோடொன்று இணைவதைத் தடுத்து அவற்றைச் சிறியனவாகவே வைத்திருக்கிறது. தாமிரபரணி நீர் போன்ற நன்னீரில் குமிழிகள் இணைந்து பெரிதாகி விரைவில் உடைகின்றன. ஆகவே வீட்டு நன்னீர்த் தொட்டிகளில் இக்கருவி பயன்படுவதில்லை.

நுரை குறைதல்

* நீர்மட்டம் தாழ்தல்: கோடையில், குறிப்பாகத் தொட்டியைக் குளிர்விக்க மின்விசிறி வைத்திருந்தால், நீர் வேகமாக ஆவியாகும். அடியிலுள்ள வடிகட்டித் தொட்டியில் (சம்ப்) நீர்மட்டம் இறங்க, நுரையும் கழுத்துவரை ஏறாது. நீர் மட்டுமே ஆவியாகி உப்பு தங்கிவிடுவதால், குளோரின் நீக்கிய நன்னீரைக் கொண்டே இக்குறையை ஈடுசெய்ய வேண்டும். கடல்நீரை ஊற்றினால் உப்புத்தன்மை கூடிவிடும்.
* காற்றுக்குழாய் அடைப்பு: குழாயின் முனையில் உப்பு படிந்தால் காற்று குறையும். வெந்நீரில் கழுவினால் அது கரைந்துவிடும்.
* மோட்டாரில் சுண்ணாம்புப் படிவு: சுழலியை (இம்பெல்லர்) கழற்றி, நீர் கலந்த வினிகரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும்.
* எண்ணெய்ப் பசை: தேங்காய் எண்ணெய் படிந்த கையை நீரில் விட்டாலோ, எண்ணெய்ச் சத்துள்ள உணவை இட்டாலோ நுரை சில மணி நேரம் அடங்கிவிடும். பின்னர் தானாகவே சீராகும்.
* புதிய கருவி: முதல் சில நாட்களில், சில வேளைகளில் இரண்டு வாரங்கள் வரைகூட, நுரை சீராக வராது. இது பழுதாகாது.

நுரை பொங்கி வழிதல்

மின்தடையின்போது மேல்தொட்டியின் நீர் வடிந்து கீழ்த்தொட்டியின் மட்டம் உயரும். மின்சாரம் திரும்பியதும் நுரைநீக்கி உயர்ந்த மட்டத்திலேயே இயங்கத் தொடங்குவதால், கிண்ணம் நிரம்பிக் கழிவு மீண்டும் தொட்டியில் கலக்கக்கூடும். மட்டம் பழைய நிலைக்கு வந்தபின் கருவியை இயக்குவது நல்லது. கீழ்த்தொட்டியில் நிலையான நீர்மட்டம் உள்ள அறையில் கருவியை வைப்பதும் பலன் தரும்.

குளோரின் நீக்கும் சில திரவங்கள், மீன்களுக்கான சில மருந்துகள், பாத்திரத்தில் ஒட்டிய சோப்பு ஆகியவையும் நுரையைப் பொங்கவைக்கும். பாறை இடுக்கில் இறந்துகிடக்கும் மீனும் காரணமாகலாம். எனவே மீன்களை எண்ணிப் பார்ப்பது அவசியம்.

சோதிக்கும் வரிசை

பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் கருவிக்கு வெளியிலேயே இருக்கும். எடுத்தவுடன் திருகு வால்வைத் திருப்பினால் உண்மைக் காரணம் மறைந்துபோகும். முதலில் நீர்மட்டத்தையும், அடுத்து உப்புத்தன்மையையும் (ஒப்படர்த்தி சுமார் 1.025), பின்னர் அண்மையில் நீரில் சேர்த்த பொருட்களையும் பார்க்க வேண்டும். அதன்பின் மின்இணைப்பைத் துண்டித்துவிட்டுக் காற்றுக்குழாய், கழுத்துக்குழாய், சுழலி ஆகியவற்றைச் சுத்தம் செய்யலாம். இறுதியாகவே வால்வைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நாளாவது காத்திருக்க வேண்டும்.

நுரைநீக்கி நீருக்கு உயிர்வளியையும் சேர்க்கிறது. வெப்பமான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். எனவே பழுது நீங்கும்வரை, குறிப்பாகக் கோடை இரவுகளில், மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பம்பு ஒன்று கைவசம் இருப்பது மீன்களைக் காக்கும்.